முர்ஜியாக்கள் பற்றி ஓர் அத்தியாயம்

ஜூன் 21, வெள்ளி

சென்னைப் பதிப்பாளர் மறுபடியும் போன் செய்தார். இஸ்லாத்தின் ஆரம்பகாலப் பிரிவுகள் பற்றிய புத்தகத்துக்கு ஏழு அத்தியாயங்கள் கொடுத்துவிட்டேன். எட்டாவது பாக்கி. முர்ஜியாக்கள். ரமலானுக்கு முன்பே தருவதாகச் சொன்னது. முப்பது வருடம் பெண்கள் அரபிக் கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்கு நாற்பது பக்கம் எழுத இத்தனை மாதமா என்று அவர் கேட்கவில்லை, குரலில் இருந்தது. நல்ல காரியத்தை நிதானமாகத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கமிட்டி கூடியது. கிதுறு முகமதுவின் மனு வந்திருக்கிறது. அவன் மகள் ஃபாயிஸாவுக்கு ஆகஸ்ட் 25-ல் நிக்காஹ். எங்கள் காதிர்பட்டினத்தில் கமிட்டி அனுமதி கொடுத்தால்தான் தப்தர், அதாவது நிக்காஹ் பதிவேடு, பள்ளிவாசலை விட்டு வெளியே வரும். தப்தரில் ஏறாத நிக்காஹுக்கு எந்த மாப்பிள்ளை வீட்டாரும் பந்தலுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

கிதுறு மதுரையில் பார் உள்ள ஓட்டலில் தலைமைச் சமையல்காரன். நாலு வருடமாக ஜும்ஆவுக்கு வருவதில்லை. அவனும் குடிக்கிறான் என்று கேள்வி. கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் நாலைந்து பேர், அவன் மார்க்கத்தை விட்டே போனவன், அவன் வீட்டுக்குத் தப்தர் போகக் கூடாது என்கிறார்கள். தலைவர் அசன் மரைக்காயர் என் பக்கம் திரும்பினார். மார்க்க விஷயத்தில் ஆலிம்சா சொல்வதுதான் முடிவு என்றார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஒரு மனிதனின் ஈமானை, இறைநம்பிக்கையைப் பற்றிய விஷயம். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று சொல்ல முடியுமா.

ஜூன் 23, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் காற்று வாங்கிவிட்டது. பிளம்பர் அஸர் தொழுகை நேரம் வரை வரவில்லை. ஜுலைகா பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகத் தூக்கினாள். நான் உதவப் போனால் முட்டி வலிக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

கிதுறுவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். நானும் அவனும் ஐந்து வருடம் ஒரே மதரஸாவில், ஒரே பாயில் உட்கார்ந்து ஓதினோம். இலக்கணத்தில் நான் கெட்டி. வாதத்தில் அவன் கெட்டி. உஸ்தாத் ஒரு கேள்வி போட்டால் அவன் இன்னொரு கேள்வியைத் திருப்பிப் போடுவான். பட்டம் வாங்க இரண்டு வருடம் இருக்கும்போது வாப்பா மௌத்தாகி, சமையல் கட்டுக்குப் போய்விட்டான். ஊரில் எந்த விருந்துக்கும் கிதுறு கை பட்டால்தான் சோறு என்று ஒரு காலம் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன் அவன் பெரிய மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் பள்ளிவாசல் படி ஏறவில்லை. நான் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு முறை என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கமிட்டியில் இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். கொடுத்தார்கள்.

வரும் வழியில் மீன்கடைத் தெருவில் தலைவரோடு பேசிக்கொண்டு நடந்தேன். எதிரே கிதுறு வந்தான். நின்று முழுதாக ஸலாம் சொன்னான். நான் "வ அலைக்கும்" என்றேன். அவசரம். ஜுலைகா விளமீன் வாங்கிவரச் சொல்லியிருந்தாள், தாமதித்தால் நல்லது போய்விடும். கடைசியில் விளமீன் கிடைக்கவில்லை, சூடைதான் கிடைத்தது.

ஜூலை 3, புதன்

மூன்று பக்கம். பல்வலி.

ஜூலை 9, செவ்வாய்

இன்று பேனா ஓடியது. எழுதியதை அப்படியே இங்கும் சுருக்கி வைக்கிறேன்.

மூன்றாம் கலீஃபா கொலையுண்ட பிறகு முஸ்லிம்கள் முஸ்லிம்களையே வெட்டிக்கொண்ட காலம். யார் சரி, யார் தவறு, பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமா இல்லையா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. காரிஜிய்யாக்கள், பாவி வெளியே போய்விட்டான், அவன் காஃபிர் என்றார்கள். பின்னால் வந்த முஃதஸிலாக்கள், அவன் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, நடுவில் நிற்கிறான் என்றார்கள். முர்ஜியாக்கள் மட்டும், உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நாம் யார், தீர்ப்பை அல்லாஹ்வுக்கு ஒத்திவைப்போம் என்றார்கள். ஈமான் என்பது நெஞ்சில் ஏற்பதும் நாவால் சொல்வதும். செயல் அதில் சேராது என்பது அவர்கள் கட்சி. பிற்காலத்தவர் இதை வழிகேடு என்றார்கள். பாவத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள், கொடுங்கோல் அரசர்களுக்கு வசதி செய்துகொடுத்தார்கள் என்று ஏசினார்கள். சில பேர் எல்லை மீறிப் பேசியதும் உண்மை. ஆனாலும் தீர்ப்பை ஒத்திவைக்க ஒரு பெருந்தன்மை வேண்டும். அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஜுலைகாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாகற்காய் அரிந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், "அப்ப கிதுறு காக்கா முஸ்லிம்தானே?" என்றாள்.

அது வேறு விஷயம் என்றேன். வரலாற்றை நடப்போடு போட்டுக் குழப்பக் கூடாது.

ஜூலை 12, வெள்ளி

கமிட்டியில் இருபது நிமிடம் பேசினேன். காரிஜிய்யாக்களில் தொடங்கி முர்ஜியாக்களில் முடித்தேன். ஒருவனைக் காஃபிர் என்று சொல்வது எவ்வளவு பயங்கரமான காரியம் என்று விளக்கினேன். அந்த இளைஞர்கள்கூடத் தலையாட்டினார்கள். கிதுறுவின் தம்பி மீராசா வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

தலைவர் கேட்டார், அப்படியானால் தப்தரைக் கொடுத்துவிடலாமா என்று.

தப்தரைக் கொடுத்தால் அவன் முஸ்லிம் என்று தீர்ப்பளித்ததாகும். மறுத்தால் இல்லை என்று தீர்ப்பளித்ததாகும். இரண்டுமே தீர்ப்புதான். ஆகவே இப்போதைக்கு ஒத்திவைப்பதே முறை என்றேன். எல்லாருக்கும் திருப்தி. பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை. தலைவர் என் தோளைத் தட்டினார். மீராசா எப்போது போனான் என்று கவனிக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது ஜுலைகா, "மதில்மேல் பூனை" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். இரண்டு நாளாக அவளுக்கு இடுப்பு வலி, அதனால் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

கிதுறு வீட்டுக்கு வந்தான். காலை பத்து மணி. வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. இளைத்திருந்தான். கண்ணாடி போட்டிருக்கிறான். ஜுலைகா உள்ளிருந்தபடியே நலம் விசாரித்து டீ கொடுத்தனுப்பினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார்களாம். தப்தர் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்களாம். அவன் கெஞ்சவில்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னான். நான் சிக்கலை விளக்கினேன். நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அது உனக்கு நான் செய்யும் நன்மை என்றேன்.

"எனக்குச் சொல்லிட்டியே ஜலாலு. மீன்கடைத் தெருவுல."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன். அவன் விடவில்லை.

"முழு ஸலாத்துக்கு முழு பதில் முஸ்லிமுக்கு. 'வ அலைக்கும்'ண்டு பாதி பதில் மத்தவங்களுக்கு. ரெண்டு பேரும் ஒரே பாயில ஒக்காந்துதானே ஓதுனோம்."

அவசரம் என்றேன், மீன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. நாலு எழுத்துக் கூடுதலாகச் சொல்ல எத்தனை விநாடி ஆகும். பக்கத்தில் தலைவர் நின்றார். அவர் என்ன நினைப்பாரோ என்று நாக்கு தானாகச் சுருங்கியது. அதுதான் உண்மை. வேறு யாரிடமும் இதைச் சொல்லப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான், நீ எழுதுகிற ஆட்கள் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டார்கள், சரி, தீர்ப்பு வரும்வரை அந்தப் பாவியை எங்கே உட்கார வைத்தார்கள் என்று. உள்ளேதான் என்றேன். ஸஃப்பில், தொழுகை வரிசையில், நின்றால் பக்கத்தில் நின்று தொழுதார்கள். செத்தால் குளிப்பாட்டி அடக்கினார்கள். பாடம் நடத்துகிற பழக்கத்தில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

"நீ என்னைய எங்க வச்சிருக்கே?"

பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டான். போகும்போது ஸலாம் சொல்லவில்லை. என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஜூலை 26, வெள்ளி

தலைவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். கிதுறு தானாகவே ஜமாஅத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஃபாயிஸாவைச் சித்தப்பா மீராசாவின் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். மீராசா மேல் யாருக்கும் புகார் இல்லை. அவனே வலியாக, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளனாக நிற்பான். தப்தர் போகும். யாரும் யாரையும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆலிம்சா மனசுக்கும் இது பொருந்தும் என்றார். பொருந்தியது.

கடிதத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். இந்த ஜமாஅத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதினேன். இளைஞர்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, இது போதாதே என்றான். "ஜமாஅத்தோடும் மார்க்கத்தோடும்" என்று திருத்தி, சுத்தப் பிரதி எடுத்தேன்.

கிதுறு ஒப்புக்கொள்ள மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் மறுத்துவிட்டால் விஷயம் மறுபடி கமிட்டிக்கு வரும், மறுபடி பேசலாம். அவன் வந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். திருத்திய இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு, அவன் மகளுக்காக, கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குராஸான் பற்றிய பகுதி. நான் அறிந்திராத செய்தி இல்லை, மறந்திருந்தது. அங்கே புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களை அதிகாரிகள் முஸ்லிம்களாக ஏற்கவில்லை. தொழத் தெரியவில்லை, ஓதத் தெரியவில்லை என்று குறை சொல்லி, முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய வரியையே அவர்களிடம் வாங்கினார்கள். அப்போது, இவர்களும் எங்களைப்போல முஸ்லிம்கள்தான் என்று எழுந்து நின்றவர்களில் முர்ஜியாக்கள் இருந்தார்கள். சிலர் வாளே எடுத்தார்கள்.

ஆக, தீர்ப்பை ஒத்திவைத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. பெருந்தன்மை பற்றிய வரிக்குப் பக்கத்தில் பொருந்தவில்லை. அடிக்குறிப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பெருநாள் இறைச்சி பங்கு வைத்தோம். கிதுறு வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று ஜுலைகா என்னைக் கேட்கவில்லை. கொடுத்தனுப்பிவிட்டு வந்து சொன்னாள்.

ஆகஸ்ட் 24, சனி

நாளை நிக்காஹ். நடத்தி வைப்பவன் நான்.

ஒரு மாதமாக என்னைக் குடையும் ஒன்றை இன்று எழுதியாக வேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கும்போது, அவன் சம்மதித்துப் பொறுப்பை ஒப்படைக்காமல், சித்தப்பா வலியாக நிற்க முடியாது. எங்கள் மத்ஹபில், நாங்கள் பின்பற்றும் சட்டமுறையில், அந்த நிக்காஹ் செல்லாது. தகப்பன் முஸ்லிம் இல்லை என்றால் மட்டும் செல்லும். பாவியான தகப்பனுக்கு அந்த உரிமை உண்டா என்று சட்ட அறிஞர்களிடையே தர்க்கம் உண்டு, தெரியும். ஆனால் வட்டி வாங்குகிற எத்தனையோ தகப்பன்மார்களை வலியாக நிறுத்தி நானே நிக்காஹ் நடத்தியிருக்கிறேன். அவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் கமிட்டியிலேயே இருக்கிறார்கள்.

நாளை நான் வாய் திறந்தால் அது தீர்ப்பு. திறக்காமல் மீராசாவின் கையை மாப்பிள்ளை கையோடு சேர்த்து வைத்தாலும் அது தீர்ப்பு. ஃபாயிஸா என்னிடம் மூன்று வருடம் ஓதிய பிள்ளை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பதினோரு மணிக்கு நிக்காஹ். ஒன்பதரைக்கே மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கூடத்துக்குப் போனேன். கிதுறுதான் சமைத்தான். தன் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆள் சமைப்பதா என்று மதுரையிலிருந்து வந்துவிட்டான். விருந்தில் உட்காரக் கூடாது என்றார்கள், சமைக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, தேக்சா மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

அருகில் போய் ஸலாம் சொன்னேன். முழுதாக. முழுதாகப் பதில் சொன்னான். பிறகு, பொறுப்பை மீராசாவிடம் ஒப்படைப்பதாக என்னிடம் வாயால் சொல்லிவிடு, நான் நடத்தி வைக்கிறேன் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தான். "அது முஸ்லிம் வாப்பா கொடுக்கறது. நீதானே எழுதுனே, மார்க்கத்தோடும் தொடர்பில்லண்டு. இப்ப எது பொய்யி?"

கடிதம்தான் பொய் என்றேன். அந்த ஒரு சொல்லை நான்தான் சேர்த்தேன் என்றேன். அடுப்புப் புகையில் கண் எரிந்தது, அவனுக்கும் எரிந்தது. அவன் மேற்கே கிப்லாவைப் பார்த்து நின்று, என் மகளை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பைத் தம்பி மீராசாவிடம் ஒப்படைக்கிறேன் என்று அரபியிலும் தமிழிலும் சொன்னான். அரபியில் ஒரு பிழை இல்லை. முப்பத்தெட்டு வருடம் ஆகிறது அவன் மதரஸாவை விட்டு.

"இதக் கமிட்டில சொல்லிரு ஜலாலு. அந்தக் காயிதத்தக் கிழிச்சிரச் சொல்லு. அது போதும்."

சொல்கிறேன் என்றேன்.

ஃபாயிஸா நன்றாக இருக்க வேண்டும். நல்ல பிள்ளை. நெய்ச்சோறு அருமை என்று தலைவரே சொன்னார்.

செப்டம்பர் 6, வெள்ளி

கமிட்டி. மினாராவுக்கு வெள்ளையடிப்பது, ஒலிபெருக்கி மாற்றுவது என்று பேச்சு நீண்டுவிட்டது. கடைசியில் கிதுறு கடிதத்தின் விஷயத்தை எழுப்பலாம் என்றிருந்தேன். எல்லாரும் பசியோடு எழுந்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. கொஞ்சம் ஆறட்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்றும் இல்லை. மீராசா தெருவில் பார்த்து, பேசிவிட்டீர்களா என்று கேட்டான். நேரம் பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான்.

அக்டோபர் 3, வியாழன்

அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். நாற்பத்து மூன்று பக்கம். குராஸானை அடிக்குறிப்பிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். பெருந்தன்மை என்ற வரியை அடித்துவிட்டேன். பதிப்பாளர், எட்டில் இதுதான் சிறந்தது என்கிறார். ஜுலைகா படிக்கவில்லை. அப்புறம் படிக்கிறேன் என்கிறாள்.

நாளை கமிட்டி இல்லை. அடுத்த வாரம் நிச்சயம்.

அக்டோபர் 11, வெள்ளி

தலைவர் ஊரில் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஜும்ஆவுக்காகக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தபோது தலைவர் சொன்னார். நேற்றுக் காலை மதுரையில், அடுப்படியிலேயே, கிதுறு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அஸர் தொழுகை முடிந்ததும் அங்கேயே அடக்கிவிட்டார்களாம். நமக்கு ஒரு சிக்கல் இல்லாமல் போயிற்று என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனிதர் அப்படித்தான் பேசுவார்.

குழாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவர் மூடினார்.

வீட்டுக்கு வந்து ஜுலைகாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

மீராசா வீட்டுக்குப் போனேன். வெள்ளியன்றே போயிருக்க வேண்டும். சனியன்றாவது போயிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே இரண்டு நாள் போய்விட்டது.

ஃபாயிஸா மாப்பிள்ளையோடு வந்திருக்கிறாள். உள்ளே யாஸீன் ஓதும் சத்தம் கேட்டது. மீராசா நாற்காலி போட்டான். அங்கே ஒரு பள்ளிவாசலில் போய்க் கேட்டார்களாம். மையத்தின், அதாவது இறந்தவரின், பெயர் என்ன என்று கேட்டார்களாம். கிதுறு முகமது என்று சொன்னதும், உடனே குழி வெட்டச் சொல்லிவிட்டார்களாம். எந்த ஊர், எந்த ஜமாஅத், எங்கே வேலை, ஒன்றும் கேட்கவில்லையாம். அஸர் தொழ வந்த ஆட்கள் நாற்பது ஐம்பது பேர், ஒருவரையும் இவர்களுக்குத் தெரியாது, எல்லாரும் நின்று ஜனாஸா தொழுகை தொழுதார்களாம்.

நான் தாங்க முடியாமல் கேட்டேன். ஏன் இங்கே கொண்டுவரவில்லை, அவன் உம்மா வாப்பா கிடக்கிற மையவாடி இல்லையா இது, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே சரி என்று சொல்லியிருப்பேனே, அந்தக் கடிதத்தை என் கையாலேயே கிழித்திருப்பேனே என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அன்று நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

மீராசா கோபப்படவில்லை. வயதில் மூத்தவன், ஆலிம் என்ற மரியாதை அவன் குரலில் கொஞ்சமும் குறையவில்லை.

"கேக்கலாம்ண்டுதான் போன எடுத்தேன் ஆலிம்சா. நீங்க யோசிச்சுச் சொல்ல நாளாவுமேண்டு வச்சிட்டேன். மையத்த அம்புட்டு நாள் வச்சிக்க முடியாதுல்ல."